ரேஸ் காரைக் கட்டியதாகவே வாங்குங்கள், ஆனால் வாங்கிய வாரமே ஓட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கோவை மோட்டார் பந்தயம் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ட்ராக்கின் படங்களும் அருமை. ஆனால் பந்தய ஆசை உள்ள பையன்கள் ஒரு பழைய ரோட்டுக் காரை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டால் குறைந்த செலவில் இறங்கிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் என் மச்சானும் சேர்ந்து, கம்பெனியே பந்தயத்துக்கென்று கட்டி சில சீசன் ஓடிய ஒரு காரை வாங்கித் தயார் செய்தோம். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

காருக்குள் இரும்புக் குழாயில் கட்டும் கூண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார் உருண்டால் டிரைவரைக் காப்பாற்றுவது அதுதான். சர்வதேச விதிப்படி டிரைவருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு சீம்லெஸ் (ஒட்டு இல்லாத) குழாய், 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. கனம், இல்லையென்றால் 50-க்கு 2. அதை ரோட்டுக் காருக்குள் வெல்டு வைக்க வேண்டுமானால் சீட், டேஷ்போர்டு, ஒயரிங், கண்ணாடி, கூரைத் துணி எல்லாவற்றையும் கழற்றி, சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருக்கும் தாரைச் சுரண்டி, வெறும் கூடாக்கித்தான் ஆரம்பிக்கவே முடியும், அப்புறம் மறுபடி பெயின்ட், மறுபடி ஒயரிங். கம்பெனி கட்டும் காரில் இந்த வேலையெல்லாம் பெயின்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. சஸ்பென்ஷன், பிரேக், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக இப்படியே கூட்டிப் பாருங்கள், முதலில் மலிவாகத் தெரிந்த கார் கடைசியில் அதிக விலைக்குப் போய் நிற்கும். விற்கப் போனால் அந்தச் செலவுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

நம் ஊரில் கட்ட முடியாதா என்று கேட்பார்கள். ஏன் முடியாது? நம்ம கோவைக் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரைக் கட்டிக் காட்டியவர், கரி ஸ்பீட்வே ட்ராக்குக்கே அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நம்ம நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் ஓட்டி வந்தவர்தான். ஆனால் கரிவரதன் கட்டியது ஒற்றைக் கார் இல்லை, ஒரே அச்சில் வரிசையாகக் கார்கள். ஒன்றில் உடைந்தால் இன்னொன்றின் பாகம் பொருந்தும், ஒருவர் கண்டுபிடித்த குறை எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனியாளாக வீட்டு ஷெட்டில் கட்டும் காருக்கு இந்த வசதி கிடையாது.

சரி, கட்டிய காரையே வாங்கியாயிற்று. இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள், கம்பெனி கட்டியதுதானே என்று நேரே ட்ராக்குக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பந்தயக் காருக்கு கிலோமீட்டர் கணக்கு செல்லாது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, கியர்பாக்ஸை எப்போது பிரித்தார்கள் என்பதுதான் கணக்கு. அது எழுதிய லாக் புத்தகம் இல்லாமல் விற்க வந்தால் விலையை நன்றாக அடித்துப் பேசுங்கள், எப்படியும் பிரித்துப் பார்க்கும் செலவு உங்கள் தலையில்தான்.

சீட் பெல்ட்டைப் பாருங்கள். பளபளவென்று புதிது மாதிரிதான் இருக்கும். அதில் தைத்திருக்கும் சின்ன லேபிளில் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று போட்டிருக்கும், ஐந்து வருடம்தான் அதன் ஆயுள். வெயிலும் வியர்வையும் பட்ட நூல் கண்ணுக்குத் தெரியாமல் பலம் இழக்கும் என்பதைத் திருப்பூர் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பந்தயத்துக்கு முன் காரைச் சோதிக்கும் அதிகாரி பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அந்த லேபிளைத்தான் புரட்டிப் பார்ப்பார். பெட்ரோல் டேங்கில் ரப்பர் பை வைத்த கார் என்றால் அதற்கும் தேதி உண்டு.

அப்புறம் நட்டு போல்ட்டு. எங்கள் பட்டறைப் பையன், "ஏனுங்கண்ணா, கம்பெனியில முறுக்குனதுதானுங்களே, மறுக்கா எதுக்குங்க?" என்றான். முறுக்கியது கம்பெனிதான், ஆனால் அதன் பிறகு சில சீசன் அதிர்ந்திருக்கிறதே. சஸ்பென்ஷனிலும் ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் உள்ள ஒவ்வொரு நட்டையும் தளர்த்தி, டார்க் ரென்ச்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கி, நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தோம். ட்ராக்கிலிருந்து வந்ததும் டார்ச் அடித்தால் போதும், கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. நயா பைசா செலவில்லாத வேலை, ஆனால் அந்தப் பையன்தான் இப்போது பட்டறைக்கு வரும் எல்லா வண்டியிலும் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான்!

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பந்தயத்துக்கான புது ஆயில் 300 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அந்த அளவு ரொம்பவே இறங்கிவிடும், பிரேக் சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால் மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கரி ட்ராக் சுற்று 2.1 கிலோமீட்டர்தான், வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும், ஆற நேரமே கிடைக்காது. எனவே பழைய ஆயிலை மொத்தமாக இறக்கிவிட்டுத்தான் மறு பேச்சு.

எடை பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எடைப் பலகை வைத்து, ஹெல்மெட், ஷூ சகிதம் மச்சானை உள்ளே உட்கார வைத்து (அவன் எடையை நான் இங்கே எழுதப்போவதில்லை), பாதி டேங்க் பெட்ரோலோடு பார்த்தோம். முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் சேர்ந்து தாங்குவது மொத்தத்தில் பாதிக்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கால் குட்டையான கட்டில் மாதிரி கார் குறுக்கே ஆடும், இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் இன்னொரு குணம். ஸ்பிரிங் தாங்கும் வளையத்தைக் கொஞ்சமாகத் திருப்பி, காரைக் கீழே அமுக்கி விட்டு, மறுபடி எடை பார்க்க வேண்டும். ஒரு மூலையைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும் என்பதால் இது சட்டென்று முடியாது.

முதல் நாள் ட்ராக்கில் ஸ்டாப்வாட்சை வெளியே எடுக்கவே கூடாது. பதிவு எண் இல்லாத கார், ரோட்டில் ஓட்டிப் பார்க்க வழியில்லை, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம், ஆகவே கார் முதன்முதலாக ஒழுங்காக ஓடுவதே அங்கேதான். மெதுவாகச் சில சுற்று, உள்ளே வந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்து, வீல் நட்டை மறுபடி முறுக்கி, டயர் சூடாக இருக்கும்போதே காற்றைப் பார்த்துவிட்டு மறுபடி சில சுற்று. மச்சானுக்கு இதில் கோபம்தான், இவ்வளவு செலவழித்து நாற்பதில் ஓட்டவா என்றான். மதியத்துக்குள் ரேடியேட்டர் ஹோஸ் கிளாம்ப் ஒன்று கசிவதைப் பார்த்ததும் பேசவில்லை. அதுவே முழு வேகத்தில் கழன்றிருந்தால் எங்கள் தண்ணீரில் பின்னால் வருபவர் அல்லவா வழுக்கியிருப்பார்?

ஆகவே ஐயா, நாட்டின் மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.-யிடம் லைசென்ஸ் எடுப்பது எப்படி, கார் சோதனையில் என்னென்ன பார்ப்பார்கள், காரின் விலைக்கு மேல் தயார் செய்ய எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து ஒரு கட்டுரை போடுங்கள், கோப்பையைத் தூக்கிப் பிடிக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும்தான் வருகிறது. பந்தயம் நடத்துபவர்களிடமும் ஒரு கோரிக்கை: சீசன் தொடங்கும் முன் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, சோதனை அதிகாரிகளே காரைப் பார்த்துக் குறை சொல்லட்டும், பந்தய நாள் காலையில் பெல்ட் தேதி முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவதைவிட அது நல்லது. அப்படி ஒரு நாள் வைத்தால் நாலு எடைப் பலகையையும் நானே வண்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன், வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை.