தாமஸ் இங்கர்சாலுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய தாமஸ் இங்கர்சால் அவர்களுக்கு,

வணக்கம். 1812இல் கிரெடிட் ஆற்றங்கரையில், நீங்கள் நடத்திவந்த விடுதியோடு உங்கள் காலம் முடிந்தது. அடுத்த வருடமே உங்கள் மூத்த மகள் லாரா செய்த ஒரு காரியம் உங்கள் குடும்பத்தைக் கனடாவின் பாடப்புத்தகங்கள் வரை கொண்டுபோய்விட்டது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும். கூடவே, உங்கள் வம்சாவளியைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்தும் ஒரு விஷயத்தையும் பேச வேண்டும்.

முதலில் உறுத்தல். கல்யாணத்துக்குப் பின் லாரா செகார்ட் ஆன உங்கள் மகள் கனடாவில் அரச விசுவாசத்தின் முகம். அந்தப் புகழ் உங்கள் மேலும் படிந்து, உங்களையும் 'லாயலிஸ்ட்' கணக்கில் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்று, தோற்று, வீடு வாசலை விட்டு வடக்கே போனவர்களுக்கான பெயர் அது. உங்கள் கதை அது இல்லையே! நீங்கள் மன்னருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். மாசசூசெட்ஸ் மிலிஷியாவில், அதாவது ஊர்க்காரர்கள் சேர்ந்த படையில், அதிகாரியாக இருந்தவர். அதை மறைத்து உங்களுக்கு ஒரு கௌரவத்தைப் பூசுவது உங்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் முன்னோர் ரிச்சர்ட் இங்கர்சால் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரிலிருந்து அமெரிக்காவின் சேலத்துக்கு வந்தது 1629இல். அதன்பின் தலைமுறை தலைமுறையாக மாசசூசெட்ஸ் மண்தான். நீங்கள் வெஸ்ட்ஃபீல்டில் பிறந்து, கிரேட் பாரிங்டனில் குடியேறி, 1775இல் எலிசபெத் டியூயியைக் கைப்பிடித்தீர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று லாரா பிறந்தாள். லெக்சிங்டனில் புரட்சிப் போரின் முதல் குண்டு வெடித்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பின் இன்னும் மூன்று பெண்கள். 1784இல் எலிசபெத் போய்விட்டார். இரண்டாவதாக வந்த மெர்சியும் 1789இல் இறந்தார். மூன்றாவதாக சாரா பேக்கஸ். லாராவுக்குப் பதினான்கு வயது முடிவதற்குள் அந்த வீட்டில் மூன்று தாய்மார்கள். வம்சாவளிப் பட்டியலில் இது மூன்று பெயர், மூன்று தேதி, அவ்வளவுதான். தாயில்லாத நான்கு பெண் குழந்தைகளோடு நீங்கள் தள்ளிய வருடங்களைச் சொல்ல அதில் இடமில்லை.

அப்புறம் 1786. போரில் ஜெயித்த விவசாயிகளின் நிலத்தை வரிக்கும் கடனுக்கும் ஜப்தி செய்யக் கிளம்பினார்கள். மேற்கு மாசசூசெட்ஸ் கொதித்தது. உங்கள் கிரேட் பாரிங்டனிலேயே ஜனங்கள் திரண்டு நீதிமன்றத்தை நடக்கவிடாமல் செய்தார்கள். டேனியல் ஷேஸின் பெயரால் அறியப்படும் அந்தக் கலகத்தை அடக்கிய படையில் நீங்களும் இருந்தீர்கள். பழைய செழிப்பு அதன்பிறகு திரும்பவே இல்லை. நீங்கள் வடக்கே பார்த்ததற்குக் காரணத்தை நான் இங்கேதான் தேடுகிறேன். பிள்ளைகள் பெருகிக்கொண்டிருந்தார்கள், பணம் சுருங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோ) துணை ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, அமெரிக்கர்களையே கூப்பிட்டு நிலம் தரத் தயாராக இருந்தார். நேற்று எதிர்த்த மன்னருக்கு இன்று விசுவாசப் பிரமாணம் எடுத்தால் போதும். குடும்பத்தைக் கரையேற்ற நினைத்த ஒரு தகப்பன் அதை எடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

1793இல் மேல் கனடாவின் தேம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 66,000 ஏக்கர் உங்களுக்கும் கூட்டாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஏழு வருடத்துக்குள் 40 குடும்பங்களைக் குடியேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவியவர் மோஹாக் பூர்வகுடித் தலைவர் ஜோசப் பிராண்ட். அவரும் நியூயார்க்கின் மோஹாக் பள்ளத்தாக்கை இழந்து, தன் மக்களோடு கிராண்ட் ஆற்றுக்கு இடம்பெயர்ந்தவர்தான். அமெரிக்காவிலிருந்து கனடா வந்த குடும்பங்களைப் பேசும்போது அவர் குடும்பத்தை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1795இல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். குவீன்ஸ்டனில் விடுதி நடத்தினீர்கள். சிம்கோ ஊர் திரும்பிய பிறகு பதவிக்கு வந்தவர்களுக்கு இந்தக் குடியேற்ற ஒப்பந்தங்களில் நம்பிக்கை இல்லை. 1805இல் உங்கள் ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. அந்த அடியோடுதான் கிரெடிட் ஆற்றுக்குப் போனீர்கள்.

இனி உங்களுக்குத் தெரியாத கதை. 1813 ஜூன் 22. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மறுபடி போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கப் படை பீவர் டாம்ஸில் இருந்த பிரிட்டிஷ் காவலைத் திடீரெனத் தாக்கப்போகிறது என்று லாராவுக்குத் தெரியவந்தது. உங்கள் மாப்பிள்ளை ஜேம்ஸ் செகார்ட் முந்தைய அக்டோபரில் குவீன்ஸ்டன் ஹைட்ஸ் போரில் பட்ட காயம் ஆறாமல் கிடந்தார். போகிற வழியில் செயின்ட் டேவிட்ஸில் உங்கள் மகன் சார்ல்ஸைப் பார்த்தால், அவனும் காய்ச்சலில் படுக்கை. லாராவே நடந்தாள். காட்டையும் சேற்றையும் தாண்டிச் சுமார் 32 கிலோமீட்டர் போய், பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் ஃபிட்ஸ்கிப்பனிடம் செய்தியைச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து நடந்த சண்டையைப் பெரும்பாலும் பூர்வகுடி வீரர்களே நடத்தினார்கள். அவர்களில் ஜோசப் பிராண்ட்டின் மகன் ஜானும் இருந்தார். அமெரிக்கப் படை சரணடைந்தது. உங்களுக்கு நிலம் காட்டியவரின் மகனும் உங்கள் மகளும் ஒரே சம்பவத்தில் வந்து சேர்ந்ததைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

உதவித்தொகை கேட்டும் வேலை கேட்டும் அவள் குடும்பம் பல வருடம் மனுப் போட்டது. ஆனால் அவள் செய்த அந்தக் காரியத்துக்காக அவள் கைக்குக் கடைசியில் வந்தது 1860இல் வேல்ஸ் இளவரசர் அனுப்பிய 100 பவுண்டுதான். அப்போது அவளுக்கு 85 வயது. இதை உங்களிடம் சொல்லவே மனசு கஷ்டப்படுகிறது.

சார்ல்ஸ் தேம்ஸ் பள்ளத்தாக்கில் இருந்த உங்கள் பழைய நிலத்தை விலைக்கு வாங்கித் திரும்பிப் போனான். அந்தக் குடியிருப்பு இன்று இங்கர்சால் என்ற ஊர்.

சரி, லாயலிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். 1789இல் டார்செஸ்டர் பிரபு போட்ட உத்தரவின்படி, புரட்சிப் போரை முடித்த 1783 உடன்படிக்கைக்கு முன்பே மன்னர் பக்கம் சேர்ந்தவர்களின் வாரிசுகள், மகன் வழியானாலும் மகள் வழியானாலும், பெயருக்குப் பின் 'யு.ஈ.' (பேரரசின் ஒற்றுமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுக்கொள்ளலாம். உங்கள் வழியில் அது கிடைக்காது. உங்கள் சம்பந்திகள் வழியில் கிடைக்கும். ஜேம்ஸின் அப்பா மன்னர் பக்கம் போரிட்ட பட்லர்ஸ் ரேஞ்சர்ஸ் படையில் இருந்தவர். பிரான்சிலிருந்து மதத்துக்காக வெளியேறிய ஹ்யூகனாட் வம்சம். அவர் மனைவி மேடலின் பதோ, போர் நடுவே குழந்தைகளோடு காடு கடந்து நயாகரா கோட்டைக்கு வந்தவர். லாராவின் ஒரே மகனுக்கு சார்ல்ஸ் பதோ செகார்ட் என்று பெயர் வைத்தார்கள். பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயர் அப்படித்தான் பிழைத்தது. உங்கள் மகன் சார்ல்ஸ் கட்டியதும் லாயலிஸ்ட் வீட்டுப் பெண்ணைத்தான். அன்னா மரியா மெரிட்டின் அப்பா சிம்கோவின் குவீன்ஸ் ரேஞ்சர்ஸ் படையில் இருந்தவர்.

ஆக, உங்கள் கொள்ளுப்பேத்தி ஒருத்தி செகார்ட் வழியில் யு.ஈ. பட்டம் கேட்கலாம். உங்கள் பெயரைக் காட்டி, அமெரிக்கப் புரட்சி வீரர்களின் மகள்களுக்கான சங்கத்திலும் உரிமை கோரலாம். இரண்டுமே உண்மை. வம்சாவளி தொகுக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பெயருக்கு நேரே 'மாசசூசெட்ஸ் மிலிஷியா, 1795இல் நிலம் தேடி மேல் கனடா வந்தவர்' என்று எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் வம்சத்தைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவன்