‘மறந்திரு’ என்று சொல்லும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவம்பர் 30 வந்தால் ஒக்கி புயல், டிசம்பர் 26 வந்தால் சுனாமி. குமரிக் கடற்கரையில் நீரோடி முதல் மணக்குடி வரை, ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் இந்த நாட்களில் தவறாமல் கேட்கும் அறிவுரை: ‘அதையே நினைச்சிட்டு இருக்காத, மறந்திரு.’ அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

வேண்டாத நினைவை மூளையால் தடுக்க முடியும். மைக்கேல் ஆண்டர்சனும் கோலின் கிரீனும் 2001இல் இதைச் சோதித்தார்கள். சொற்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்யவைத்து, ஒன்றை மட்டும் காட்டி, ‘மற்றதை மனதுக்குள் வரவிடாதீர்கள்’ என்றார்கள். 16 முறை வரை அப்படித் தடுத்த சொற்கள் பிறகு கேட்டபோது குறைவாகவே ஞாபகம் வந்தன. 2004இல் மூளை ஸ்கேன் காட்டியது: முன்மூளை மும்முரமாகும்போது, நினைவை மீட்டுத்தரும் ஹிப்போகாம்பஸ் அடங்குகிறது. அங்கே ‘காபா’ என்ற வேதிப்பொருள் குறைவாக இருப்பவர்களுக்கு இந்தத் தடுப்பு சரியாக அமைவதில்லை என்று 2017இல் தெரிந்தது.

நம் ஊருக்கு வேண்டிய நுணுக்கம் ஒன்று இதில் இருக்கிறது. சோதனையில் யாரும் காட்டிய சொல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, அதோடு சேர்ந்து வருவதை மட்டும் நிறுத்தினார்கள். மீறி வந்தால் அப்போதே வெளியே தள்ளினார்கள். கடற்கரைப் பக்கமே போகாமல் இருப்பதும், கோயில் மணி கேட்டால் கதவைச் சாத்துவதும் வேறு. அது வெறும் விலகல். விலக விலக அச்சம் வளரும்.

ஆனால் ஆய்வகச் சொல் வேறு, கரைக்குத் திரும்பாத மகன் வேறு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ளவர்களிடம் இந்தத் தடுப்பே பலவீனமாக இருக்கிறது. ஓர் இரவு தூக்கம் கெட்டாலும் அது தளர்ந்துவிடும். அவர்களிடம் ‘மனசைத் திடப்படுத்து’ என்பது கொடுமை. முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். தூங்குவதற்காகக் குடிப்பது தூக்கத்தையே குலைக்கும்.

‘எல்லாத்தையும் கொட்டிரு’ என்று வற்புறுத்துவதும் தவறு. சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், பயிற்சி பெற்றவரிடம் படிப்படியாகப் பேசும் சிகிச்சை இருக்கிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்; ‘டெலி மனஸ்’ என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நினைவுநாள் பக்கங்களில் சடலப் படங்களை மறுபடியும் அச்சிடாதீர்கள். அந்த இடத்தில் 14416ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர் ஒருவர்,
குளச்சல்.