புளிக்காமலே திரியும் பால்

ஆசிரியருக்கு,

பாக்கெட் பால் அடுப்பில் திரிந்தால் கலப்படம் என்கிறோம். இல்லையென்றால் வீட்டு ஃப்ரிட்ஜைத் திட்டுகிறோம். திரிந்த பாலில், புளிப்பை அளக்கும் ஒரு பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். லாக்டிக் பாக்டீரியா கெடுத்திருந்தால் 6.7 அளவில் இருக்க வேண்டியது நன்றாக இறங்கியிருக்கும். பெரிதாக இறங்காமலே திரிந்திருந்தால் அது நொதியின் வேலை.

சந்தேகிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. 4 டிகிரி குளிரிலும் பெருகும். இதன் புரோட்டியேஸ் நொதி புரதத்தை அறுத்துக் கசப்பாக்கும், லிப்பேஸ் நொதி கொழுப்பைப் பிரித்துச் சிக்கு வாடை தரும். ஆலையில் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நொதி சாகாது. மிக அதிக வெப்பத்தில் சூடாக்கி மாதக்கணக்கில் வைக்கும் யு.எச்.டி. பால் கூழாகிப்போவதற்கு இந்த மிச்ச நொதியும் ஒரு காரணம். சில நாளில் தீரும் பாக்கெட் பாலில் அதற்கு அவ்வளவு அவகாசமில்லை. அங்கே தொல்லை, சூடாக்கிய பிறகு நிரப்பும் இயந்திரத்திலிருந்து புதிதாக நுழையும் சூடோமோனாஸ்தான். குழாய்க்குள் கழுவும் காஸ்டிக் சோடா கரைசலை ஓட்டிவிட்டு, நிரப்பு முனையின் ரப்பர் வாஷரைக் கழற்றாமல் விட்டால் இடுக்கில் படிந்த பால் படலமே அதற்கு வீடு.

இன்னொன்று பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. தடித்த உறைக்குள் உறங்கும் வித்தாக (ஸ்போர்) இருந்து வெப்பத்தைத் தாங்கிவிடும். இதன் லெசித்தினேஸ் நொதி கொழுப்புத் துளியின் மேலுறையைக் கிழிப்பதால், சூடான காபியில் ஏடு கரையாமல் துணுக்குத் துணுக்காக மிதக்கும்.

பாலில் இயல்பாக உள்ள பாஸ்படேஸ் நொதி சூட்டில் அழிந்துவிட்டதா என்று பார்ப்பது பாஸ்படேஸ் சோதனை. ஆலைகள் அதில் தேறியதையே நற்சான்றாகக் காட்டுகின்றன. பால் போதிய அளவு சூடானது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மேற்சொன்ன இரண்டும் அதன் கண்ணில் படாது. பாக்கெட்டை 7 டிகிரியில் 5 நாள் வைத்து, சூடோமோனாஸ் போன்றவற்றை மட்டும் வளரவிடும் கிரிஸ்டல் வயலட் சாயம் சேர்த்த வளர்ப்புத் தட்டில் பாக்டீரியா எண்ணிக்கை எடுத்தால் நிரப்பு இயந்திரத்தின் லட்சணம் தெரிந்துவிடும். வித்துக்கு, 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்த பாலைத் தட்டில் இட வேண்டும். அதையும் அன்று நிரப்பிய பாலிலேயே செய்ய வேண்டும். 5 நாள் கழித்துச் செய்தால் முளைத்துவிட்டவை அந்தச் சூட்டில் செத்து, எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: புளிப்பில்லையே என்று திரிந்த பாலை மீண்டும் கொதிக்கவைத்துப் பயன்படுத்த வேண்டாம். பேசில்லஸ் சீரியஸில் சில வகைகள் உண்டாக்கும் வாந்தி நஞ்சு கொதிநிலையிலும் அழியாது.

– பால் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பணியாளர்கள்