குஞ்சு பொரிப்பகத்திலேயே கொடுக்க வேண்டியது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2019-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேரின் சாவுக்கு அந்தக் கிருமிகள் நேரடிக் காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக்குகளைக் கண்டபடி கொடுப்பதாகக் கோழிப்பண்ணைகள் மீது கட்டுரை வைத்த குற்றச்சாட்டையும் நான் மறுக்கவில்லை. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்யும்வரை கோழித் தீவனத்தில் கலந்து கொடுத்ததெல்லாம் உண்மைதான். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு நாங்கள் வேறு என்ன செய்வது என்று கட்டுரை சொல்லவில்லை. பல்லடம் பக்கம் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாலைத் தயிராக்கும் கூட்டத்தைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களை உயிரோடு கொடுத்து, நோய்க்கிருமி குடலில் இடம் பிடிக்காமல் தடுப்பது ஒரு நல்ல வழி. இப்படிக் கொடுக்கும் உயிருள்ள நல்ல பாக்டீரியாவைத்தான் புரோபயாட்டிக் என்கிறார்கள். இதைச் செய்ய வேண்டிய நேரம் குஞ்சு பொரித்த முதல் நாள். செய்ய வேண்டிய இடம் குஞ்சு பொரிப்பகம். நம் ஊரில் நடப்பதோ வேறு. கழிச்சல் கண்டு, நான்கைந்து குஞ்சுகள் சாய்ந்த பிறகு, மருந்துக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கித் தண்ணீரில் கலக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை என்றதும், புரோபயாட்டிக் என்பதே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நாட்டுக்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சு தாயின் பின்னாலேயே குப்பையைக் கிளறித் திரிகிறது. தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தும்போதே தாயின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் குஞ்சுக்கு வந்துவிடுகின்றன. இன்குபேட்டரில் பொரிந்த குஞ்சுக்குத் தாயே கிடையாது. கிருமிநீக்கம் செய்த முட்டையிலிருந்து வெளியே வந்து, பெட்டியில் ஏறி, வேனில் பயணம் செய்து, தென்னை நார்க்கழிவு பரப்பிய ஷெட்டில் வந்து இறங்குகிறது. ஏறக்குறைய காலியாக இருக்கும் அதன் குடலில் முதலில் நுழைவது எதுவோ அதுவே ஊன்றிக்கொள்கிறது. அது நோய் தரும் சால்மோனெல்லா கிருமியாகவும் இருக்கலாம், ஈ.கோலை கிருமியாகவும் இருக்கலாம்.

இதை முதலில் நிரூபித்துக் காட்டியது பின்லாந்து. 1971-ல் அங்கே கறிக்கோழிகளில் சால்மோனெல்லா பெரிய அளவில் பரவியது. எஸ்கோ நுர்மி, ரன்டாலா என்ற இரு விஞ்ஞானிகள், வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடலிலிருந்து எடுத்த பாக்டீரியாக் கலவையை அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அதன்பின் சால்மோனெல்லாவைக் கொடுத்தும் பெரும்பாலான குஞ்சுகளில் அது ஊன்ற முடியவில்லை. 1973-ல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்கள் கொடுத்தது பலவகை பாக்டீரியாக்கள் சேர்ந்த கூட்டம், லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் ஒரு வகையான லாக்டோபேசில்லஸ் மட்டும் இல்லை. லாக்டோபேசில்லஸ் இனங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பலன் கண்ட ஆய்வுகள் அதற்குப் பிறகு வந்தவை. எல்லா இனமும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை என்பதையும் அதே ஆய்வுகள் காட்டின.

வேலை செய்யும் விதம் எளிதாகப் புரியக்கூடியதுதான். குடல் சுவரில் கிருமி ஒட்டிக்கொள்ளும் இடங்களை இவை முன்கூட்டியே பிடித்துவிடுகின்றன. லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, கிருமிக்கு ஒத்துவராத புளிப்பை உண்டாக்குகின்றன. சில இனங்கள் பாக்டீரியோசின் என்ற புரதத்தால் எதிரியை நேரடியாகவே கொல்கின்றன. உணவு கெடாமல் இருக்கப் பல நாடுகளில் சேர்க்கப்படும் நைசின் அந்த வகைதான். உடலின் எதிர்ப்புச் சக்தியையும் இவை தூண்டிவிடுகின்றன. இத்தனைக்கும் ஒரே நிபந்தனை, குடலுக்குள் போகும்போது அவை உயிரோடு இருக்க வேண்டும்.

பண்ணையில் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான். போர்வெல் தண்ணீரில் கிருமி இருக்கும் என்று மேல்தொட்டியில் குளோரின் போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் அதே தண்ணீரில் புரோபயாட்டிக்கைக் கலந்தால் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியா கோழியின் வாய்க்குப் போகும் முன்பே செத்துவிடும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா என்ற உயிருள்ள தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் குளோரினை நிறுத்திவிட்டுப் பால் பவுடர் கலக்கிறோமே, அந்தக் கவனம் இதற்கும் வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஓடும் நாட்களில் இதையும் சேர்த்துக் கொடுப்பதும் பெரும்பாலும் வீண். அப்புறம், குருணையாக அழுத்திய பெல்லட் தீவனம் தயாரிக்கும்போது நீராவிச் சூட்டில் லாக்டோபேசில்லஸ் தாங்காது. அதனால்தான் தீவனக் கம்பெனிகள் விதை போன்ற கெட்டி உறைக்குள் உயிர் பிழைக்கும் பேசில்லஸ் வகையைச் சேர்க்கின்றன. இரண்டும் வேறு வேறு என்பதை மருந்துக்கடையில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இவ்வளவு சிக்கலையும் ஒப்பந்தப் பண்ணைக்காரர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் எங்களுடையவை. குஞ்சு வரும்போதே கிருமியோடு வந்திருந்தாலும் மார்ட்டாலிட்டி, அதாவது குஞ்சுகளின் சாவு, ஏறினால் வளர்ப்புக் கூலியில் அடி வாங்குவது நாங்கள்தான். பெரிய பொரிப்பகங்களில் குஞ்சுகளைப் பெட்டியில் வைத்தபடியே தடுப்பு மருந்தைத் தெளிக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. நல்ல பாக்டீரியாவையும் அப்படியே தெளிக்கலாம். இறகில் விழுந்த துளிகளைக் குஞ்சுகள் கொத்திக் கொத்தி உள்ளே எடுத்துக்கொள்ளும். வெளிநாடுகளில் இந்த முறை நடைமுறையில் உள்ளது. ஷெட்டுக்கு வந்த பிறகு கலந்து கொடுப்பதைவிட ஒரு நாள் முந்துகிறோம், அந்த ஒரு நாள்தான் முக்கியம்.

மனிதக் குழந்தைக்கும் முதல் வாரம் அப்படித்தான் என்று ஒடிசாவில் நடந்த ஆய்வு காட்டுகிறது. டாக்டர் பினாகி பாணிகிராகி தலைமையில் கிராமப்புறப் பச்சிளங்குழந்தைகள் 4,556 பேரை வைத்துச் செய்தது. ஒரு பிரிவுக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற இனத்தையும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையையும் ஒரு வாரம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு பாக்டீரியா இல்லாத வெறும் மாற்றுப் பொடி. ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் அல்லது சாவு, மாற்றுப் பொடி பெற்றவர்களில் 9 சதவீதம், பாக்டீரியா பெற்றவர்களில் 5.4 சதவீதம். 2017-ல் இதுவும் 'நேச்சர்' இதழில்தான் வந்தது. அதே சமயம், வயிற்றுப்போக்கு வந்த பிறகு லாக்டோபேசில்லஸ் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2018-ல் வெளியாயின. இரண்டிலும் குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. இனமும் வேறு, ஊரும் வேறு, ஒப்பிடுவதில் கவனம் வேண்டும் என்பது சரி. ஆனாலும் முந்திக்கொண்டு கொடுப்பதும் பிந்திக் கொடுப்பதும் ஒன்றில்லை என்றே எனக்குப் படுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கைக்குழந்தைக்குத் தாமாகப் பொடி வாங்கிக் கரைத்துக் கொடுத்துவிட வேண்டாம். ஒடிசா ஆய்வில் இருந்தவை தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிய, எடை சரியாக இருந்த குழந்தைகள். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த உயிருள்ள பாக்டீரியாவே ரத்தத்தில் இறங்கி ஆபத்தாகலாம் என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது. வயிற்றுப்போக்குக்கு இன்றைக்கும் முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். கட்டுத்தரையில் பிறக்கும் கன்றுக்கும் சொல்கிறேன்: புரோபயாட்டிக் பாக்கெட்டைத் தேடும் முன், பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறு நிறையப் போக வேண்டும். அதற்கு ஈடாக எந்தப் பொடியும் கிடையாது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் முட்டையில் பெரும்பகுதி விளையும் வட்டாரம் இது. கடையில் விற்கும் கோழிப் புரோபயாட்டிக் பாக்கெட்டுகளை அங்கே சோதித்து, எந்த இனம், ஒரு கிராமில் எத்தனை கோடி உயிரோடு இருக்கின்றன, அட்டையில் போட்டிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தம் உண்டா என்று தமிழில் ஒரு பட்டியல் வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. பல பாக்கெட்டுகளில் இனத்தின் பெயரே இல்லை. குஞ்சு தரும் கம்பெனிகள் முதல் நாள் தெளிப்பைத் தங்கள் செலவில் செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வைக்கக் கால்நடைத்துறை முன்வர வேண்டும்.

உங்கள் இதழ் அந்தக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவரைப் பேட்டி கண்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல், மே வெயிலில் எங்கள் தீவன அறையில் கிடக்கும் பாக்கெட்டில் எத்தனை நாள்வரை பாக்டீரியா உயிரோடு இருக்கும் என்பதை அவரிடம் அவசியம் கேளுங்கள்.

இப்படிக்கு,
கறிக்கோழி வளர்க்கும் வாசகர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.