பட்டறைக்குப் போய் வந்த பிறகும் முக்கும் பிக்கப் வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சித் தேங்காய், மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் ஊட்டி கேரட், திருப்பூர்த் துணிக்கட்டு, ஈரோட்டு மஞ்சள் மூட்டை எல்லாம் இன்றைக்கு டீசல் பிக்கப்பில்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன. அந்த வண்டிகளில் டீசல் லைன் வேலை பார்த்து வெளியே வந்த சில நாளிலேயே, “காலைல செல்ஃப் அடிச்சா எடுக்க மாட்டேங்குது”, “லோடு ஏத்துனா முக்குது”, “மேட்டுல இழுவையே இல்லீங்க” என்று திரும்பவும் பட்டறை வாசலில் வந்து நிற்பவை ஏராளம். இரண்டாம் முறை போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பம்ப் போச்சு, அல்லது இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) போச்சு. ஒற்றை வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அது பல மாதத் தவணைப் பணம். சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்வது நியாயமே இல்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

வேலைக்கு முன்பு இல்லாத கோளாறு வேலைக்குப் பின்பு வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கை பட்ட இடத்தைத்தான். பில்டர் மாற்றினார்களா, டேங்க் இறக்கினார்களா, இன்ஜெக்டர் கழற்றினார்களா என்று கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும்.

பில்டர் மாற்றிய பிறகு வரும் தொல்லையில் பெரும்பகுதி காற்று. டேங்குக்குள் மின்சார பம்ப் இல்லாத வண்டிகளில், டேங்கில் இருந்து ஹை பிரஷர் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, வெளிக்காற்று உள்ளே போகும். அதனால்தான் “எங்கேயும் லீக் இல்லையே” என்று தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். காய்ந்தபடியே மாட்டி வெட்டுப்பட்ட ஓ ரிங், விறைத்துப்போன ஓஸ், இறுகாத கிளிப், பழையதையே திரும்பப் போட்ட பேஞ்சோ வாஷர் (ஓஸ் முனைப் போல்ட்டில் வரும் வாஷர்), ‘டக்’ என்று உட்காராத பிளாஸ்டிக் கனெக்டர், வெடித்த ஹேண்ட் பிரைமர் (கையால் அழுத்தி டீசலை ஏற்றும் சிறு பம்ப்) என்று காற்று நுழைய இடம் பல. இரவு முழுக்க நின்றால் லைனில் உள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், ஒருமுறை எடுத்துவிட்டால் அன்று முழுக்க நன்றாக ஓடும். இந்தக் குணம் இருந்தால் பம்பைத் தொடவே வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்கத் தேவையானது, உள்ளே தெரிகிற ஒரு அடி நீளக் கண்ணாடி ஓஸ். டீசலுக்குத் தாங்குவதாகப் பார்த்து வாங்கி, பில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டி இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பில்டர் மாற்றிய உடனே சில நிமிடம் குமிழி வருவது இயல்பு. அதற்குப் பிறகும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தால் காற்று எங்கோ நுழைகிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் என்று அறிய அடுத்து கேன் வைத்துப் பார்க்க வேண்டும். சுத்தமான 5 லிட்டர் கேனில் வடிகட்டிய டீசலை நிரப்பி, டேங்கில் இருந்து வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, கேனில் இருந்து நேராக பில்டருக்குக் கொடுக்க வேண்டும். மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஓஸையும் அதே கேனுக்குள் விட வேண்டும். கேனைக் கேபினுக்குள் வைக்கக்கூடாது. டர்போவுக்கும் சைலன்சருக்கும் பக்கத்திலும் வேண்டாம். கேனில் கோளாறு மறைந்துவிட்டால் குற்றவாளி பில்டருக்கு டேங்க் பக்கம் இருக்கிறார்: டேங்க் ஜல்லடை, உறிஞ்சு குழாய், லைன், டேங்கின் காற்றுத் துளை. மறையாவிட்டால் பில்டரோ அதற்குப் பம்ப் பக்கம் உள்ளதோதான். அரை மணி நேர வேலை, செலவு கேனும் ஓஸும் மட்டும்.

காற்றுத் துளையைப் பார்க்க அதுகூட வேண்டாம். வண்டி முக்கும்போது ஓரங்கட்டி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு இழுவை திரும்பினால் மூடியோ காற்றுத் துளையோ அடைத்திருக்கிறது.

டேங்க் இறக்கி ஏற்றிய வண்டியில் சப்ளை ஓஸும் ரிட்டர்ன் ஓஸும் இடம் மாறுவதும் நடக்கிறது. ரிட்டர்ன் குழாய் டேங்கின் மேல்பகுதியிலேயே முடிகிற வண்டிகளில் இது ஏமாற்றும். டேங்க் நிறைந்திருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது, டீசல் பாதிக்குக் கீழே இறங்கியதும் வண்டி நின்றுவிடும். “அரை டேங்க் இருக்கும்போதே நிக்குது” என்று வண்டிக்காரர் சொன்னால் முதலில் இந்த இரண்டு ஓஸையும் பார்க்க வேண்டும்.

புதுப் பில்டரை நிரப்பி மாட்டும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. நடுத்துளை வழியாக டீசலை ஊற்றினால் அது வடிகட்டாமலே பம்புக்குப் போகும். நடுத்துளை சுத்தமான பக்கம். பில்டரைக் காலியாகவே மாட்டி, ஹேண்ட் பிரைமர் கெட்டியாகும்வரை அழுத்துவதுதான் சரி. அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். காற்று முழுதும் போகாமல் செல்ஃபை விடாமல் அடிப்பது பம்புக்கு நஞ்சு. அந்தப் பம்புக்கு மசகு டீசல்தான். 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் அரை நிமிடம் விட வேண்டும்.

உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்துக் காற்று எடுப்பது வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தைக் காமன் ரயில் வண்டிக்குக் கொண்டு வரவே கூடாது. பம்ப் தரும் டீசல் ‘ரயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்தில் தேங்கி, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போகிற வண்டி அது. லாரி டயரில் இருப்பது 7, 8 பார். காமன் ரயிலில் ஐடிலிங்கிலேயே (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போதே) சுமார் 250 முதல் 350 பார், லோடில் ஆயிரத்தைத் தாண்டும். மயிரிழை ஓட்டையில் இருந்து பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவு. உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று விட்டால் விரல் போகும், கையும் போகலாம். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைக் கையால் தடவி லீக் தேடவே வேண்டாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். நட்டைத் தொடுவதற்கு முன் இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

இன்ஜெக்டர் கழற்றி மாட்டிய வண்டிக்கு வருவோம். அடியில் உள்ள காப்பர் வாஷர் ஒருமுறைதான் பயன்படும். பழையது இன்ஜெக்டரோடு வராமல் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதும், அதைப் பார்க்காமல் மேலே இன்னொன்றைப் போடுவதும் அடிக்கடி நடக்கிற தப்பு. இரண்டு வாஷர் ஆனால் நாசில் உயர்ந்து நிற்கும், டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. புகை வரும், மைலேஜ் குறையும், ஸ்கேனரில் (வண்டியின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவியில்) ஒன்றும் காட்டாது. தேய்ந்த வாஷரையே போட்டாலோ, கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைக்காமல் முறுக்கினாலோ இன்ஜெக்டர் அடியில் ‘சிக் சிக்’ என்று காற்று அடிக்கும், சுற்றிலும் தார் போலக் கரி கட்டும். டார்ச் அடித்தாலே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது கோடிங். பெரும்பாலான காமன் ரயில் இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு, அதாவது ‘கோடு’, பொறித்திருக்கும். அந்த ஒரு இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் விடும் என்ற திருத்தக் கணக்கு அது. எந்த சிலிண்டரில் எது இருக்கிறதோ அதன்படி இசிஎம்மில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) ஏற்ற வேண்டும். புதிதாகப் போட்டு ஏற்றாமல் விட்டாலும், கழற்றியதை இடம் மாற்றி மாட்டினாலும் ஐடிலிங் ஆடும், தட்டும் சத்தம் வரும். பல பட்டறைகளில் இதற்கான ஸ்கேனரே இல்லை. இல்லாதவர் அந்த வேலையை எடுக்காமல் இருப்பதே வண்டிக்காரருக்குச் செய்யும் உதவி.

இன்ஜெக்டர் போச்சு என்று சொல்வதற்கு முன் ரிட்டர்ன், அதாவது இன்ஜெக்டர் திருப்பி விடும் டீசலை, அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனியாக ஒரே அளவு பாட்டிலில் விட்டு, சூடான இன்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட வேண்டும். நான்கு பாட்டிலில் மூன்று சமமாக இருந்து, ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று மடங்கு சேர்ந்தால் அந்த ஒன்றை மட்டும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினால் போதும். சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பெரும்பாலும் இங்கேதான் விடை கிடைக்கும். நான்கும் சமம், அளவும் குறைவு, ஆனாலும் ரயில் பிரஷர் ஏறவில்லை என்றால் இன்ஜெக்டரை விட்டுவிட்டு சப்ளையையும், பம்பில் டீசலை அளந்து விடும் மீட்டரிங் யூனிட்டையும், ரயிலில் மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்து விடும் ரிலீஃப் வால்வையும் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் காட்டும் கோளாறுக் கோடு தீர்ப்பு ஆகாது. பி0087 என்றால் ரயில் பிரஷர் குறைவு, அவ்வளவுதான். அடைத்த பில்டர், காற்று, மீட்டரிங் யூனிட், ரிட்டர்னில் ஊற்றும் இன்ஜெக்டர், தப்பாகக் காட்டும் சென்சார் எல்லாமே இதே கோடைத்தான் தரும். சாவியைப் போட்டு இன்ஜினை எடுக்காமல், நன்றாக ஆறிய வண்டியில் ரயில் பிரஷரைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லையென்றால் சென்சாரோ வயரிங்கோதான் கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது பல வண்டிகளுக்குச் சுமார் 200 பார் வந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். ஓடும்போது இசிஎம் கேட்கும் பிரஷர், ரயிலில் கிடைக்கும் பிரஷர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிடைக்கும் பிரஷர் நிலையில்லாமல் ஆடினால் பெரும்பாலும் காற்று. ஐடிலிங்கில் சரியாக இருந்து மேட்டில் மட்டும் விழுந்தால் சப்ளை அடைப்பு அல்லது பம்ப் தேய்மானம். அதனால் காலி வண்டியைப் பெருந்துறை பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சாவி கொடுப்பது சோதனை ஆகாது. பண்ணாரியில் இருந்து 27 கொண்டை ஊசி ஏறித் திம்பம் போகிற வண்டிக்கு லோடோடு மேடு ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் தோட்டத்து பேரல் டீசல் வண்டிக்கும் போகிறது. பாதி காலியான பேரலில் இரவுக் குளிரில் நீர் கோத்து அடியில் தங்கும், துருவும் சேரும். அடிமட்ட டீசலை ஊற்ற வேண்டாம். தண்ணீர் விளக்கு எரிந்தால் பில்டர் அடித் திருகைத் திறந்து வெள்ளைப் பாட்டிலில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். அதே பாட்டிலில் வெள்ளி ஜிகினா போலத் துகள் மின்னினால் பம்ப் உள்ளே அரைபட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது பம்பை மட்டும் மாற்றுவது வீண். டேங்க், லைன், ரயில் சுத்தம் செய்து, இன்ஜெக்டர்களையும் சோதிக்காவிட்டால் மிச்சத் துகள் புதுப் பம்பையும் தின்றுவிடும்.

வேலை முடிந்த முதல் வாரம் ஆயில் குச்சியைத் தினமும் பாருங்கள். மட்டம் ஏறி டீசல் வாடை வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். இன்ஜெக்டரோ பம்ப் சீலோ கசிகிறது. பிஎஸ்-6 (புதிய புகை விதி) வண்டியில் டிபிஎஃப் எரிப்பு, அதாவது சைலன்சர் பாதையில் உள்ள கரி வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிப்பது, அடிக்கடி பாதியில் நின்றாலும் ஆயிலில் டீசல் சேரும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பட்டறைக்காரர்களிடம் நாங்கள் வேண்டுவது: கழற்றிய பழைய பாகம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏற்றிய இன்ஜெக்டர் கோடு, வேலைக்கு முன்னும் பின்னும் ரயில் பிரஷர், ரிட்டர்ன் அளவு. இவற்றைப் பில்லோடு கொடுங்கள். நன்றாக வேலை செய்பவருக்கு இது பாரமே இல்லை, நாளைக்கு அவருக்கே சாட்சி. கோவை, ஈரோடு வட்டார ஐடிஐ-க்களில் ஓராண்டு டீசல் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. ஏற்கெனவே பட்டறையில் இருப்பவர்களுக்கும் அங்கே மாலை நேரத்தில் காமன் ரயில் சோதனையைக் கற்றுத்தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வண்டிக்காரர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: சொந்தப் பிழைப்புக்கு வண்டி வாங்கித் தானே ஓட்டுபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் போனால் அங்கே பேச ஒன்றும் இருக்காது, அதனால் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்ப்போர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.