எழுபதினாயிரமா, மூன்று இலட்சமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் நடந்த இறுதிப்போரின்போது, வன்னியில் 2009இல் பட்டினி இருந்ததா என்ற கேள்விக்கு, அரசாங்கம் அனுப்பிய லொறிகளையும் கப்பல்களையும் எண்ணிக் காட்டிப் பதில் சொல்லியிருக்கிறது உங்கள் கடந்த இதழின் கட்டுரை. லொறிகள் போனது உண்மை. கப்பல் போனதும் உண்மை. ஆனால் அந்த உணவு எத்தனை பேருக்கு என்ற எண் கட்டுரையில் எங்குமே இல்லை. பந்தியில் எத்தனை இலை போட்டோம் என்பதை விட்டுவிட்டு எத்தனை படி வடித்தோம் என்று மட்டும் சொன்னால் யார் பசியோடு எழுந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

2009 பெப்ரவரித் தொடக்கத்தில் முல்லைத்தீவு மாவட்ட நிர்வாகத்தின் மேலதிக அரசாங்க அதிபர் கொழும்புக்கு அறிவித்த ஆள்தொகை 81,000 குடும்பங்கள், 330,000 பேர். அதே மாதத்தில் கொழும்பு ஏற்றுக்கொண்டிருந்த தொகை 70,000 அளவில். இந்திய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி நாடாளுமன்றத்தில் சொன்னதும் அந்த 70,000தான். நிவாரணக் கணக்கில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி வேண்டும். அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி எல்லாம் சேர்த்து உலர் உணவாகப் பார்த்தால் சுமார் அரைக் கிலோ. 70,000 பேருக்கு நாளுக்கு 35 தொன், 330,000 பேருக்கு 165 தொன். 35 தொன் தவறாமல் போய்ச் சேர்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். அதை 330,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106 கிராம், 450 கலோரிகூட இல்லை. 500 தொன் ஏற்றிய கப்பல் என்று தலைப்புச் செய்தி போடலாம். அது மூன்று நாள் சாப்பாடு. யாரும் ஒரு லொறியையும் மறிக்க வேண்டியதில்லை. ஆள்தொகையைக் குறைத்துப் பதிந்தால் போதும், மீதி தானாக நடக்கும்.

அரசாங்க அதிபர் பணிமனையின் தொகை மிகையாக இருக்கலாம் என்பது நியாயமான சந்தேகம்தான். கிராம அலுவலர் பதிவும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கீட்டுப் பட்டியலும் சேர்ந்துதான் அந்தத் தொகை வரும். ஒரு குடும்பம் கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று இடம்பெயரும்போது பழைய இடத்துப் பெயர் வெட்டப்படாமல் புதிய இடத்திலும் பதியப்படும். செத்தவரின் பெயரும் அட்டையில் கிடக்கும். அதற்காகப் பத்து வீதமோ பதினைந்து வீதமோ கழிப்பது எந்த நிவாரண அலுவலருக்கும் தெரிந்த வழக்கம். ஐந்தில் நான்கு பங்கைக் கழிக்க எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். மேலதிக அரசாங்க அதிபரின் தொகை ஆதாரமற்றது என்று அமைச்சிலிருந்து கடிதம் வந்ததும், ஒழுக்காற்று நடவடிக்கை பற்றி அவர் எச்சரிக்கப்பட்டதும் அதில் இருக்கின்றன. போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 290,000 பேர். யாருடைய தொகை சரி என்பதை முகாமே சொல்லிவிட்டது.

உணவை விட மோசம் மருந்து. பனடோலும், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனியும் எத்தனை பெட்டி வந்தாலும் ஷெல் துண்டு வயிற்றைக் கிழித்தவருக்கு அவற்றால் பயனில்லை. அவருக்கு வேண்டியது மயக்க மருந்து, இரத்தப் பை, நாளத்தில் ஏற்றும் அன்டிபயோட்டிக், சத்திரசிகிச்சை நூல். கேட்டும் சரிவரக் கிடைக்காதவை இவைதான். வைத்தியர்கள் நோயாளியின் இரத்தத்தையே துணியில் வடித்து அவருக்கே திரும்ப ஏற்றியதாக அதே அறிக்கை சொல்கிறது. மருந்து போனால் புலிகளின் காயக்காரருக்குப் போகும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது உறுப்புரை 3 உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். காயப்பட்டவரைப் பராமரிக்க வேண்டும் என்று சொல்லும் அது, அவர் முன்பு துவக்குத் தூக்கியவரா என்று கேட்கவில்லை.

புலிகளுக்குப் போகும் என்று சொல்லிப் பொருட்களை மறிக்கும் தடைப்பட்டியலுக்கு யாழ்ப்பாணத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1990களில் பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என்று தொடங்கிய பட்டியல் சவர்க்காரம், மெழுகுதிரி வரை நீண்டது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து ஒரு சொட்டு எண்ணெயில் விளக்கெரித்ததும், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டதும், நாலு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியதும் அந்தக் காலத்துக் கைவேலைகள். ஊரில் இருந்தபடியால் அவற்றைச் செய்ய முடிந்தது. சனம் கடைசியில் ஒதுங்கிய முல்லைத்தீவுக் கரையின் மாத்தளன் மணலில் தறப்பாளுக்குள் கிடந்தவர்களிடம் போத்தலும் இல்லை, சைக்கிளும் இல்லை.

இன்னொன்று, உணவு கரைக்கு வந்துவிட்டால் வயிற்றுக்கு வந்ததாக ஆகாது. நிவாரணம் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். பங்கருக்கு வெளியே வர வேண்டும். 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் ஷெல்லடியில் சிக்கினார்கள். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை இருந்த இடம் இராணுவத்துக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஜனவரி 29இலிருந்து ஒரு வாரத்துக்குள் குறைந்தது 9 தடவை அதன் மேலேயே ஷெல் விழுந்தது. ஓரிடத்தின் ஆள்கூறுகளை இராணுவத்துக்குக் கொடுத்துவிட்டால் அதற்குப் பாதுகாப்பு என்று நிவாரண அமைப்புகள் எழுதும் நடைமுறை, வாங்கும் பக்கத்துக்கு மனம் இருந்தால்தான் வேலை செய்யும்.

புலிகளின் பங்கை உங்கள் கட்டுரை சொன்னது சரி, அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. தாங்கள் கொடுக்கும் பாஸ் இல்லாமல் சனத்தை வெளியேற விடவில்லை. கடைசி மாதங்களில் தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள், சனத்துக்கு நடுவே ஆட்லறியை வைத்தார்கள். ஆனால் ஒருவர் சனத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது, அந்தச் சனத்துக்கு அரிசியைக் குறைக்க மற்றவருக்குக் கிடைத்த உரிமை ஆகாது.

ஐ.நா.வும் இதில் சுத்தமில்லை. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் சொன்னதும் கிளிநொச்சியை விட்டு வெளியேறியது. ஒக்டோபரிலிருந்து 2009 ஜனவரி வரை 11 நிவாரண வாகனத் தொடர்கள் மட்டும் போய் வந்தன. கொழும்பிலிருந்த அலுவலகம் ஒவ்வொரு இறப்பையும் குறைந்தது மூன்று வழிகளில் சரிபார்த்துப் பட்டியல் வைத்திருந்தது. மே 13 வரை 7,721 பேர் இறப்பு, 18,479 பேர் காயம் என்பது அந்தப் பட்டியல். அதை அப்போது பகிரங்கப்படுத்தவில்லை. இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்பது நிபுணர் குழு பின்னர் சொன்னது.

பட்டினியை ஆயுதமாக்குவது உள்நாட்டுப் போரிலும் போர்க்குற்றம் என்று, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டமான ரோம் சாசனத்தைத் திருத்தியது 2019 டிசம்பரில்தான், அதாவது பத்து வருடம் கழித்து. இலங்கை அந்தச் சாசனத்தில் சேரவும் இல்லை.

கப்பல் பற்றி ஒரு திருத்தம். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கரைக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே இறங்குதுறை இல்லை. கப்பல் வெளியே நங்கூரமிட, மீன்பிடி வள்ளங்கள்தான் காயக்காரரை ஏற்றிப் போயின, திரும்பும்போது சாமானை இறக்கின. பெப்ரவரி 10 முதல் ஏறத்தாழ 14,000 நோயாளரும் கூடப் போனவர்களும் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் போனது அப்படித்தான். கடைசியாக ஏற்றியது மே 9. அதன்பின் ஷெல்லடியில் வள்ளம் இறக்க முடியவில்லை, கப்பல் கடலில் நின்றது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வவுனியா.