இசை வைக்கப் போகும் டாங்கோ ஆசிரியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பியூனஸ் அயர்ஸில் இதுவரை வகுப்பு மட்டும் நடத்திவந்த உங்களை ஒரு மிலோங்காவுக்கு, அதாவது டாங்கோ ஆடுவோர் கூடும் நிகழ்ச்சிக்கு, இசை வைக்கும் டிஜேயாக அழைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. பாடம் நடத்துகிறவருக்கு அந்த வேலை எளிதாகத்தானே இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். பாடம் நடத்துகிறவர் என்பதாலேயே கொஞ்சம் கூடுதல் சிரமம் இருக்கும் என்பது என் கருத்து. வேறு பலருக்கும் இந்தக் கேள்வி இருப்பதால், உங்கள் சம்மதத்துடன் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதை வைத்து எதைச் சொல்லித்தரலாம் என்று யோசிப்பது ஆசிரியர்களுக்கு ஊறிப்போன பழக்கம். ஒஸ்வால்டோ புக்லியேசேயின் இசைக்குழு 1946இல் பதிவுசெய்த 'லா யும்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் இழுபட்டு, ஏறக்குறைய நின்றேபோய், மறுபடி ஓங்கி விழும் அந்த இசை, கூட்டத்தின் முன் ஆடிக்காட்டும் ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் ஆட வந்தவர்கள் காலணி மாற்றிக்கொண்டிருக்கும் முதல் மணி நேரத்தில் அதைப் போட்டால், தெரிந்தவர்கள் நான்கு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். இரவு முற்றி, உடம்பும் காதும் இசைக்குப் பழகிய பிறகு அதே புக்லியேசேக்குத் தளம் நிறைந்துவிடும். அந்த முதல் மணி நேரம் டாரியென்சோ, டி சார்லி ஆகியோரின் இசைக்குழுக்களுக்கு உரியது. 1935இன் கடைசியில் ரொடோல்ஃபோ பியாஜி பியானோவில் வந்து அமர்ந்தபின் ஹுவான் டாரியென்சோவின் தாளத்துக்கு ஏற்பட்ட துடிப்பு, இன்றும் தயங்கி நிற்பவரை எழுந்து நடக்க வைக்கிறது.

டாண்டாவின், அதாவது ஒரே துணையோடு ஆட அடுத்தடுத்து வரும் ஒரே இசைக்குழுவின் பாடல் தொகுப்பின், கட்டுமானம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: டாங்கோ என்றால் பெரும்பாலும் நான்கு பாடல்கள், வால்ஸும் மிலோங்காவும் (நிகழ்ச்சியின் பெயரிலேயே உள்ள இசை வகை) என்றால் மூன்று, இரண்டு டாங்கோ டாண்டாக்களுக்கு ஒரு வால்ஸ், மேலும் இரண்டுக்குப் பிறகு ஒரு மிலோங்கா. அதில் முதல் பாட்டின் முதல் சில நொடிகள்தான் முக்கியமானவை. அந்த நேரத்துக்குள்தான், எதிர் மேசையில் இருப்பவரைக் கண்ணால் அழைக்கலாமா, இந்த இசைக்கு அவர் ஏற்ற துணையா என்று ஒருவர் முடிவு செய்கிறார். எனவே முதல் பாடல் யாருடையது என்று கேட்டவுடன் தெரிய வேண்டும். அரிய பதிவு ஏதேனும் உங்களிடம் இருந்தால் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வையுங்கள். அடுத்து, தொடங்கியதை மாற்றாதீர்கள். 1940களின் தொடக்கத்தில் ரொபெர்ட்டோ ரூஃபினோ பாடிய டி சார்லியும், 1950களில் வயலின்கள் விரிந்து ஒலிக்கும் டி சார்லியும் பெயரளவில்தான் ஒரே இசைக்குழு. ஒன்றை நம்பிக் கைகோத்தவர்களை நடுவழியில் இன்னொன்றுக்கு இழுத்துச் செல்வது நம்பிக்கை மோசடி. இரண்டு டாண்டாக்களுக்கு நடுவே ஒலிக்கும் இசைத் துண்டான கோர்ட்டினாவையும் தளம் முழுவதும் காலியாகும் வரை ஓடவிடுங்கள். இடையில் வெட்டினால், துணையை மாற்ற நினைத்தவர்கள் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்கள்.

இடத்தையும் பார்க்க வேண்டும். வில்லா உர்கீசாவில் உள்ள சண்டர்லேண்ட் கிளப்பின் கூடைப்பந்துத் தளத்தில் நீளமாக நடக்க வாய்ப்பு உண்டு. எல் பேசோவின் சிறிய அறையிலோ ஜோடிகள் தோளோடு தோள் உரச நகரும். முன்னதில் பறக்கும் இசை பின்னதில் நெரிசலை உண்டாக்கும். இன்னொரு சில்லறை விஷயம்: பழைய 78 வேக இசைத்தட்டுகளைப் பலர் பலவிதமாக எண்ணிமப்படுத்தியிருப்பதால், ஒரே பாட்டின் இரு பிரதிகளில் சுருதியும் ஒலியளவும் வேறுபடும். ஹெட்ஃபோனில் முன்கூட்டியே கேட்டுச் சரிபார்க்காமல் எதையும் போட வேண்டாம்.

ஆசிரியரை மிலோங்காவின் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள் என்று சொல்லும் நான், டிஜேயை உங்கள் வகுப்புக்குள் கட்டாயம் அழைத்துவரச் சொல்வேன். இப்போது பல வகுப்புகளில் பாட்டு என்பது எண்ணிக்கை போட உதவும் பின்னணிச் சத்தமாகிவிட்டது. 'எல் சோக்லோ'வை டாரியென்சோ 1937இல் பதிவுசெய்தார், டி சார்லி 1954இல் பதிவுசெய்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எந்த அசைவையும் கற்றுத்தராமல், மாணவர்களை வெறுமனே நடக்கச் சொல்லுங்கள். முதலாவதில் கால்கள் தாமாகவே குறுகிய அடி வைக்கும். இரண்டாவதில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எடையைத் தாங்கி நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டிவரும். அந்தத் தாங்குதலைத்தான் பலர் மாதக்கணக்கில் வாயால் விளக்குகிறார்கள். 1940களின் இளைஞர்கள் பிராக்டிகா எனப்படும் பயிற்சிக் கூட்டங்களில் ஆண்களோடு ஆண்களாக, முதலில் பின்தொடர்பவராக ஆடிப் பழகிய பிறகே மிலோங்காவுக்குள் போனார்கள் என்று அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். முன்னே நடத்துபவரின் வேலையை விட்டுவிட்டு, கேட்பதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு அப்படி ஒரு காலம் வாய்த்தது.

உங்களை அழைத்தவர்கள் உங்கள் மாணவர்களும் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் கையில் மைக் இருக்கிறது என்று வகுப்பு நேரத்தை அறிவிக்காதீர்கள்; உங்கள் மாணவர் தளத்தில் தவறாகத் திரும்பினால் மேசையிலிருந்து சைகை காட்டாதீர்கள். அவர்களுக்குப் பிடித்ததை மட்டும் வைத்தால், வாரம் தவறாமல் வரும் மூத்தவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

முடிவில் வழக்கம்போல 'லா கும்பர்சிட்டா' என்ற டாங்கோ இருக்கும். யாருடைய பதிவு என்பது உங்கள் விருப்பம். எனக்கு டாரியென்சோவின் 1937 பதிவு பிடிக்கும். வரிசையை எழுதி முடித்ததும் அனுப்புங்கள்; குறிப்பாக வால்ஸ் டாண்டாக்களைப் பார்க்க வேண்டும், அங்கேதான் புதியவர்கள் அவசரத்தில் கையில் கிடைத்ததை நிரப்புகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்